நான்கு மணிக்கும் எட்டுப் பேர்

என் கையெழுத்து மிக அழகானது. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. ஒப்புதல் வாக்குமூலமாகச் சொல்கிறேன். முதலில் ஒரு சுழி, நடுவில் ஓர் ஓட்டம், முடிவில் அடிக்கோடு, கோட்டுக்குக் கீழே இரண்டு புள்ளிகள். (இரண்டு புள்ளிகளும் எதற்கென்று வங்கியில் ஒருமுறை கேட்டார்கள். எனக்கும் தெரியாது.) இப்படி ஒரு கையெழுத்து வாய்த்தவனுக்கு அதைப் போட ஓர் இடம் கிடைத்தால் கை பரபரக்கும். அந்த இடத்துக்கு மேலே என்ன அச்சடித்திருக்கிறது என்று பார்க்கத் தோன்றாது.

இத்தனைக்கும் நான் கொழும்பில் ஒரு நாளிதழிலும் பிறகு ரொறன்ரோவில் ஒரு வாரப் பத்திரிகையிலுமாகப் பதினெட்டு வருடங்கள் செய்தி திருத்தியவன். மற்றவர்களின் பத்தியில் ஓர் ஒற்று விடுபட்டால் எனக்குத் தேநீர் இறங்காது. ஓர் அமைச்சரின் அறிக்கையை மூன்று தடவை வாசித்து, நான்காவது வரியில் எதை மறைக்கிறார் என்று சொல்லிவிடுவேன். ஆனால் ‘இங்கே கையொப்பமிடுக’ என்று ஒரு தாள் வந்தால், பதினெட்டு வருடப் பயிற்சியும் காற்றில் போய்விடும்.

இந்த வியாதி எனக்கு மட்டும் உரியதல்ல. நாங்கள் இந்த நாட்டில் வந்திறங்கிய நாளில் ஒரு மொழிபெயர்ப்பாளர் ஒரு கட்டுத் தாள்களை விசிறிபோல விரித்துப் பிடித்துக்கொண்டு, “இதில ஒண்டு, இதில ஒண்டு, இதில ரெண்டு” என்று விரலால் காட்டினார். போட்டோம். உள்ளே விட்டார்கள். கையெழுத்துப் போட்டால் கதவு திறக்கும், கேள்வி கேட்டால் வரிசை நீளும் என்பது அன்றைக்குப் படித்த பாடம். வீடு, கார், தொலைபேசி, பள்ளிக்கூடம் எல்லாவற்றுக்கும் அதே முறைதான். படிவங்களை வாசிப்பது பிள்ளைகளின் வேலை. நிரப்புவதும் அவர்களே. நாங்கள் கடைசிப் பக்கத்துக்கு மட்டும் அழைக்கப்படும் பிரமுகர்கள்.

எங்கள் மகள் ஆரபிக்கு அப்போது பன்னிரண்டு வயது. ரொறன்ரோவின் கிழக்கோரமான ரூஜில் எங்கள் தெருவிலுள்ள தமிழ்ப் பிள்ளைகள் நீச்சல், வயலின், பரதநாட்டியம், கணக்கு டியூஷன் என்று எல்லாவற்றையும் முடித்துவிட்டிருந்த காலம். அடுத்தது என்ன என்று பெற்றோர் தவித்தபோது யாரோ பனிச்சறுக்கைக் கண்டுபிடித்தார்கள். இருபது வருடங்களாகப் பனியைத் திட்டிக்கொண்டே சவளால் அள்ளிய அதே மனிதர்கள், சனிக்கிழமைகளில் ஒன்றரை மணி நேரம் வடக்கே காரோட்டிப்போய்ப் பனியின் மேல் பிள்ளைகளை ஏற்றினார்கள். அதற்கென்று ஒரு கழகமும் தொடங்கியாயிற்று. கழகம் என்றால் தலைவர், செயலாளர், பொருளாளர், ஒரு பதாகை. பிறகுதான் பயிற்றுநரைத் தேடினார்கள்.

கிடைத்தவர் கிருஷான். வயது இருபத்து மூன்று. ஸ்காபரோவில் பிறந்தவர், பல்கலைக்கழக மாணவர், பள்ளிக்கூட அணியில் பந்தயம் ஓடியவர். சறுக்கினால் பார்த்துக்கொண்டே இருக்கலாம். அவரை நாங்கள் கெடுத்த விதம்தான் கவனிக்கத்தக்கது. எங்களில் பாதி வயதுகூட இல்லாத அந்தப் பிள்ளையை ஐம்பது வயதுக்காரர் எல்லாம் ‘கோச்’ என்றும் ‘நீங்கள்’ என்றும் அழைத்தோம். முதல் நாளே விட்பியிலிருந்து வந்த யோகன் தன் மகனை முன்னால் தள்ளி, “கோச், இவனை உங்களிட்ட ஒப்படைச்சிட்டன். சொல்வழி கேக்காட்டி கண்ணை மட்டும் விட்டிட்டு மிச்ச இடத்தில போடுங்கோ” என்றார்.

கிருஷான் பதறிப்போனார். “அங்கிள், ஐ கான்ற் டூ தட்! எனக்கு ஜெயில்தான்.”

எல்லோரும் சிரித்தோம். ஆனால் யோகன் சொன்னதில் பகிடி கொஞ்சம்தான். ஒருவரை ஆசிரியர் என்று ஏற்றுக்கொண்டால் பிள்ளையை மட்டுமல்ல, பிள்ளை பற்றிய யோசனையையும் சேர்த்துக் கையளித்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போவது எங்கள் வழக்கம்.

கழகத்தின் படிவம் நான்கு பக்கம். ஆரபி சமையலறை மேசையில் அமர்ந்து அதை வாசித்து நிரப்பினாள். மூன்றாம் பக்கத்தில் அவள் நிறைய நேரம் நின்றது ஞாபகம் இருக்கிறது.

“அப்பா, இது முக்கியம். வாசிக்கவா?”

“நீ வாசிச்சனிதானே? காணும். எங்க சைன்?”

போட்டேன். இரண்டு புள்ளிகளும் அன்று அபாரமாக விழுந்தன.

பெப்ரவரியில் ஒரு சனிக்கிழமை. ஒவ்வொரு வாரமும் ஒரு பெற்றோர் ‘பொறுப்பாளர்’ ஆக வேண்டும் என்பது விதி. அந்த வாரம் என் முறை. பளிச்சென்ற பச்சை நிறத்தில் கையில்லாத மேற்சட்டை ஒன்று தந்தார்கள். முதுகில் பொறுப்பாளர் என்று ஆங்கிலத்தில் கொட்டை எழுத்து. எனக்குப் பனிச்சறுக்குத் தெரியாது. சறுக்காமல் நடப்பதே எனக்கு ஒரு சாதனை. ஆனால் சட்டையைப் போட்டதும் முதுகு தானாக நிமிர்ந்துவிட்டது. கண்ணாடிக் கதவில் என்னைப் பார்த்தேன். விமான நிலையத்தில் விமானத்துக்குக் கைகாட்டுபவர்போல இருந்தேன்.

வேலை சுலபம். எங்கள் குழுவில் எட்டுப் பிள்ளைகள். மணிக்கு ஒரு தடவை, மலைமேல் ஏற்றும் மின்தூக்கியடிக்குப் போய் எட்டுத் தலைகளையும் எண்ணி, அடிவாரத்து மண்டபத்திலுள்ள மீட்புக் குழுவின் மேசையருகே ஆணியில் தொங்கும் தாளில் எத்தனை பேர் என்று எழுதிக் கையெழுத்திட வேண்டும். பதினொன்று, பன்னிரண்டு, ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு: ஆறு கட்டங்கள். மலையில் யாராவது காணாமல் போனால் மீட்புக் குழு முதலில் பார்ப்பது அந்தத் தாளைத்தான்.

பதினொரு மணிக்குப் போனேன். எண்ணினேன். எட்டு. வெளியே குளிர் பூச்சியத்துக்குக் கீழே பதினான்கு. மூக்குமயிர் உறைந்துவிட்டது. திரும்பி வந்து தாளைப் பார்த்தபோது ஆறு வெற்றுக் கட்டங்கள் என்னையே பார்த்தன. எனக்குக் கொழும்புப் பத்திரிகைக் கந்தோர் ஞாபகம் வந்தது. அங்கே வரவுப் புத்தகத்தில் திங்கட்கிழமையே வெள்ளி வரைக்கும் கையெழுத்துப் போட்டுவிடுவோம். ஐந்து நாளும் வேலைக்கு வரத்தானே போகிறோம்? வீணாக எதற்கு ஐந்து தடவை பேனை திறப்பது? அதே தர்க்கம். எட்டுப் பிள்ளைகள், எட்டாகத்தானே இருக்கப்போகிறார்கள்?

எட்டு, எட்டு, எட்டு, எட்டு, எட்டு, எட்டு. ஆறு கையெழுத்து. பன்னிரண்டு புள்ளி.

பிறகு யோகனுடன் உருளைக்கிழங்குப் பொரியலும் கோப்பியும் வாங்கிக்கொண்டு ஜன்னலோர மேசையில் அமர்ந்து, உலகத்தைத் திருத்த ஆரம்பித்தேன்.

ஒன்றரை மணியளவில் கிருஷான் வந்தார். தலைக்கவசத்தைக் கழற்றவில்லை, கன்னம் இரண்டும் தக்காளி.

“அங்கிள், ஒரு குவிக் கேள்வி. கிட்ஸ் எல்லாரும் நல்லாச் செய்யினம். ரோப்புக்கு அங்கால புதுப் பனி கிடக்கு, ஒருத்தரும் இன்னும் போகேல்ல. பின்னேரம் கடைசி ரன்னை அதால எடுப்பமோ? ஆர் யூ ஓகே வித் தட்?”

ஜன்னலால் பார்த்தேன். தூரத்தில் சறுக்குப் பாதையின் ஓரமாக ஒரு மஞ்சள் கயிறு. அதில் செம்மஞ்சள் வட்டத் தகடுகள். எனக்குத் தெரிந்த கயிறு, கோயில் திருவிழாவிலும் கலியாண மண்டபத்திலும் கட்டும் கயிறு. அது மற்றவர்களுக்கானது. அமைப்பாளரைத் தெரிந்தவர்கள் குனிந்து அப்பால் போவார்கள். எங்களுடைய பிள்ளைகளைக் கயிற்றுக்கு அப்பால் கூட்டிப்போகிறார் என்றால், கோச்சுக்கு மலையில் நல்ல செல்வாக்கு என்றே எனக்குப் பட்டது.

“என்ன கோச், உங்களுக்குத் தெரியாததே? கூட்டிக்கொண்டு போங்கோ.”

“ஷுவரா, அங்கிள்?”

“ஓம், ஓம். பிள்ளையள் சந்தோசமாய் இருந்தாச் சரி.”

அவர் இரண்டாம் தடவை கேட்டபோதாவது நான் யோசித்திருக்க வேண்டும். நிச்சயமாய்த் தெரிந்தவன் இரண்டு தடவை கேட்கமாட்டான். இப்போது நினைத்துப் பார்த்தால் அது எவ்வளவு கச்சிதமான ஏற்பாடு என்று புரிகிறது. கயிறு என்றால் என்னவென்று அவருக்குத் தெரியும். ஆனால் பச்சைச் சட்டைக்காரர் சரி சொல்லிவிட்டார். எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் கோச்சுக்குத் தெரியும். பொறுப்பை அவர் என்னிடம் வைத்துவிட்டுப் போனார். நான் அதை அவருடனேயே அனுப்பிவிட்டேன். இரண்டு பேருமே கைவீசிக்கொண்டு நடந்தோம்.

கயிற்றுக்கு அப்பால் என்ன இருந்தது என்பதைப் பிற்பாடு அறிந்துகொண்டேன். மேற்கே பெரிய மலைகளில் நடப்பதுபோல இங்கே பனிச்சரிவு ஒன்றும் வந்து விழாது. இங்கே இருப்பவை மரங்கள், பனியின் கீழே ஒளிந்திருக்கும் முறிந்த கிளைகள், மெல்லிய பனிக்கட்டி மூடிய ஓர் ஓடை, அதற்கும் கீழே ஒரு பண்ணையின் முள்ளுக்கம்பி வேலி. பத்திரிகையில் தலைப்புச் செய்தி ஆகாத அளவுக்குச் சாதாரணமான ஆபத்துகள். அந்தப் பக்கம் மீட்புக் குழு சுற்றிப் பார்ப்பதும் இல்லை. கயிறு கட்டியிருப்பதே, இதற்கு அப்பால் உங்களைத் தேடி வர யாரும் இல்லை என்று சொல்லத்தான்.

மூன்று இருபதுக்கு ஒரு பெண்மணி எங்கள் மேசைக்கு வந்தார். சிவப்பு மேலங்கி, முதுகில் வெள்ளைச் சிலுவை, நரைத்த தலைமுடியை இறுக்கிக் கட்டியிருந்தார். கையில் என் தாள். ஆங்கிலத்தில், மிக அமைதியாகக் கேட்டார்.

“எட்டுப் பிள்ளைகளின் குழுவுக்குப் பொறுப்பாளர் நீங்களா?”

மறுக்க முடியாது, சட்டையில் எழுதியிருக்கிறது. “ஆம்” என்று புன்னகைத்தேன்.

“கடைசியாக எப்போது எண்ணினீர்கள்?”

பதினொரு மணிக்கு என்பது சரியான விடை. சொல்ல மூன்று வினாடி போதும். ஆனால் அவர் கையிலிருந்த தாளில் வேறு விதமாக இருந்தது. அதன் கீழே என் அழகான கையெழுத்தும் இருந்தது. எழுத்தில் வந்துவிட்ட ஒன்றை நானே மறுப்பதா?

“மூன்று மணிக்கு.”

“எத்தனை பேர்?”

“எட்டு.”

“நீங்களே பார்த்தீர்களா?”

“ஒவ்வொருவராக” என்றேன். (யாரும் கேட்காத இந்த அலங்காரத்தை ஏன் சேர்த்தேன் என்று என் மனைவி வதனி இன்றுவரை கேட்கிறாள்.)

அவர் தாளை மேசையில், பொரியலுக்குப் பக்கத்தில் வைத்தார். கடைசிக் கட்டத்தில் விரலை ஊன்றினார்.

“நான்கு மணிக்கும் எட்டுப் பேர் என்று இருக்கிறது.”

மூவரும் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தோம். மூன்று இருபத்தொன்று.

யோகன் என்னைக் காப்பாற்றப் பார்த்தார். “அண்ணை, மணி மாத்தினதோ? ஒரு மணித்தியாலம் முன்னுக்கு விடுறதெல்லே?”

“கோடைகாலத்துக்கு மணி மாத்திறது மார்ச்சில, யோகன்.”

“உங்கள் மகளின் பெயர் ஆரபியா?” என்று கேட்டார் அந்தப் பெண்மணி.

அந்தக் கணத்தில் வாயிலிருந்த பொரியல் வாயிலேயே நின்றது.

“மூன்று ஐந்துக்கு அவள் எங்களுடன் முதல் தடவை தொலைபேசியில் பேசினாள். எட்டுப் பேரும் கயிற்றுக்கு அப்பால் நிற்கிறோம், ஒரு பிள்ளைக்குக் கால் அடிபட்டிருக்கிறது என்றாள். மேசையிலிருந்தவர் உங்கள் தாளைப் பார்த்தார். மூன்று மணிக்கு எட்டுப் பேரும் அடிவாரத்தில் எண்ணப்பட்டிருக்கிறார்கள். பிள்ளைகள் விளையாடுகிறார்கள் என்று நினைத்து, தாளில் இருப்பதை அவளிடம் சொல்லிவிட்டுத் தொலைபேசியை வைத்துவிட்டார். மூன்று பதினான்குக்கு அவள் மறுபடியும் எடுத்தாள். இந்தத் தடவை நான் பேசினேன்.” தாளை என் பக்கம் திருப்பினார். “அவள் என்ன சொன்னாள் என்று தெரியுமா? ‘தயவுசெய்து அந்தத் தாளை நம்பாதீர்கள். என் அப்பா எல்லாவற்றிலும் கையெழுத்துப் போடுவார்.’”

மீட்புக் குழு ஏற்கெனவே புறப்பட்டுவிட்டது என்றும் சொன்னார். பிறகு, குரலை உயர்த்தாமல், “ஒன்பது நிமிடம்” என்றார். அவ்வளவுதான். பதினெட்டு வருடத்தில் எத்தனையோ கண்டனத் தலையங்கங்களைத் திருத்தியிருக்கிறேன். இவ்வளவு சுருக்கமான ஒன்றைக் கண்டதில்லை.

அதன் பிறகு நான் செய்ததைத் துல்லியமாக எழுதுகிறேன். எழுந்து ஓடினேன். எங்கே ஓடுகிறேன் என்று எனக்குத் தெரியாது. மேலே போக வேண்டும்; பிள்ளைகள் மேலே. கண்ணெதிரே ஒரு நீண்ட ரப்பர்ப் பட்டி மெதுவாக மேலே ஏறிக்கொண்டிருந்தது. அது நான்கைந்து வயதுக் குழந்தைகளைப் பழக்குவதற்கான பட்டி. அதில் கால் வைத்தேன். பட்டி முன்னே போனது, நான் பின்னே போனேன், பிறகு மல்லாந்தேன். எழும்ப முயன்றால் சறுக்கியது; ஆகவே கிடந்தேன். எனக்கு முன்னால் ஒரு குட்டிப் பெண், பின்னால் இரண்டு சிறுவர்கள், நடுவில் நான், வானத்தைப் பார்த்தபடி, மணிக்கு ஒரு மைல் வேகத்தில் மேலே போனேன். பின்னாலிருந்த சிறுவன் ஒருவன் நான் எழும்ப முயன்றபோது என் முதுகில் தெரிந்த எழுத்துகளை வாசித்துவிட்டு, மற்றவனிடம், “இவர்தான் பொறுப்பாளர்” என்றான்.

மேலே வந்ததும் பட்டியை இயக்குபவர் அதை நிறுத்தி என்னைத் தூக்கிவிட்டார். நான் வந்து சேர்ந்த இடம் அடிவாரத்திலிருந்து முப்பது அடி உயரம். அங்கிருந்து மலையைப் பார்த்தேன். எத்தனை பெரிது என்று அப்போதுதான் தெரிந்தது. மரங்களுக்குள் வெளிச்சம் மங்கத் தொடங்கியிருந்தது. அங்கே எங்கேயோ என் பிள்ளை. அவள் அழைத்தபோது அவளுக்கு விடையளித்தது என் கையெழுத்து: நீ அங்கே இல்லை, இங்கேதான் இருக்கிறாய் என்று.

அந்த முப்பதடி உயரத்தில் எனக்குச் சிரிப்பு ஒன்றும் வரவில்லை. இப்போதும் அந்த இடத்தை நகைச்சுவையாக எழுதத் தெரியவில்லை. எனவே அடுத்த பத்திக்குப் போகிறேன்.

நான்கு மணிக்குச் சற்றுப் பிந்தி அவர்கள் வந்தார்கள். முன்னால் மீட்புக் குழுவின் சறுக்குப் படுக்கை. அதைப் பிடித்தபடி இருவர். பின்னால் வரிசையாகப் பிள்ளைகள். கடைசியில் கிருஷான், மேலங்கி இல்லாமல், உதடு நீலமாகி. அவருடைய மேலங்கி படுக்கையில் கிடந்த மிதுலாவைச் சுற்றியிருந்தது. மிதுலாவுக்குப் பத்து வயது, குழுவில் கடைக்குட்டி.

நரைமுடிப் பெண்மணி பேனையையும் தாளையும் என்னிடம் நீட்டினார். “இப்போது எண்ணுங்கள்.”

எண்ணினேன். ஏழு. மறுபடி எண்ணினேன். ஏழு. ஆரபி பல்லைக் கடித்துக்கொண்டு, “அப்பா, மிதுலா படுத்திருக்கிறா. அவவும் ஆள்தான்” என்றாள்.

எட்டு.

“நேரத்தையும் எழுதுங்கள்” என்றார் பெண்மணி. எழுதினேன்: நான்கு ஐந்து. அப்போது என் வாய் சொன்னதை நான் தடுத்திருக்க வேண்டும். “அப்படியென்றால், நான்கு மணிக்கு எட்டுப் பேர் என்று நான் எழுதியது கிட்டத்தட்டச் சரிதானே?”

அவர் என்னைப் பார்த்த பார்வையில் அந்தக் குளிர் இன்னும் பத்துப் பாகை இறங்கியது.

காரில் ஆரபி நடந்ததைச் சொன்னாள். மரங்களுக்கு நடுவே போகையில் மிதுலாவின் சறுக்குப் பலகை பனிக்குள் கிடந்த கிளையில் கொளுவி, அவள் ஓடைக் கரையால் சரிந்து விழுந்திருக்கிறாள். மெல்லிய பனிக்கட்டி உடைந்து ஒரு கால் தண்ணீருக்குள். கணுக்காலில் முறிவு. கிருஷான் உடனே அவளை வெளியே இழுத்துத் தன் காய்ந்த காலுறையை மாட்டி, மேலங்கியால் சுற்றி, மற்றவர்களை ஓரிடத்தில் நிறுத்தியிருக்கிறார். கயிற்றைத் தாண்டிய பிறகு செய்ததெல்லாம் சரியாகவே செய்தார். ஆனால் அவருடைய தொலைபேசி குளிரில் அணைந்துவிட்டது.

“மீட்புக் குழுவின்ர நம்பர் உனக்கு எப்பிடித் தெரியும்?”

“ஃபோமில இருந்தது. மூண்டாம் பேஜ். சேவ் பண்ணி வைக்கச் சொல்லியிருந்தது.”

“வேற என்ன இருந்தது?”

“ரோப்புக்கு அங்கால போகக்கூடாது எண்டு இருந்தது. கோச் கேட்டாலும் பொறுப்பாளர் விடக்கூடாது எண்டு இருந்தது.” ஈரக் கையுறையைக் கழற்றினாள். “நான் கோச்சிட்டச் சொன்னனான். அவர் சொன்னார், ‘யுவர் டாட் செட் இட்ஸ் ஓகே’ எண்டு. அதுதான் போனன்.”

நெடுஞ்சாலையில் மூன்று வெளியேறும் வழிகள் கடந்துபோயின.

“அப்பா, நீங்க எங்கள எண்ணினீங்களா?”

“இல்லையம்மா. காலையில ஒருக்காத்தான்.”

அன்றைய நாளில் நான் சொன்ன முதல் உண்மை அது.

அடுத்த வாரம் அஜின்கோர்ட்டில் ஓர் உணவகத்தின் பின்னறையில் அவசரக் கூட்டம். பக்கத்தில் கொத்துரொட்டி கொத்தும் சத்தம். அதற்கு மேலால் பேச வேண்டியிருந்ததால் எல்லோரும் உண்மையில் இருந்ததைவிடக் கோபக்காரர்களாகத் தோன்றினார்கள். தலைவர் எழுந்து, “ஒரு சின்ன அசம்பாவிதம் நடந்து போச்சு” என்று ஆரம்பித்தார். அசம்பாவிதம் என்பது எவ்வளவு வசதியான விருந்தாளி. யாரும் அழைக்காமலே வரும். யார் வீட்டிலும் தங்காது.

பிறகு கருத்துகள். பொடியனை நிறுத்த வேண்டும் என்றார் ஒருவர். மலைக்காரர் இன்னும் மொத்தமான கயிறு கட்ட வேண்டும் என்றார் இன்னொருவர். பிள்ளைகளுக்கு எதற்கு இந்த வெள்ளைக்காரன் விளையாட்டு, சதுரங்கம் போதாதா என்றார் மூன்றாமவர். அவருடைய பிள்ளை குழுவிலேயே இல்லை.

கிருஷான் எழுந்தார். “கயிறு எண்டா என்னெண்டு எனக்குத் தெரியும். அங்கிளுக்குத் தெரியாது. நான் அங்கிளிட்டக் கேட்டிருக்கவே கூடாது. நான்தான் கூட்டிக்கொண்டு போனனான். ஐ’ம் சொறி.”

அறை முழுதும் ஒரு நிம்மதிப் பெருமூச்சு. ஆள் கிடைத்துவிட்டார். கூட்டத்தை முடித்து ரொட்டி சாப்பிடலாம். எனக்கும் அந்த நிம்மதி வந்தது; அதை ஒளிக்க மாட்டேன். கதிரையில் நன்றாகச் சாய்ந்துகொண்டேன்கூட. அப்போது மூலையிலிருந்து ஆரபி என்னைப் பார்த்தாள். உதட்டை மட்டும் அசைத்து, விரலை ஒவ்வொன்றாக மடக்கினாள். எண்ணிக்கொண்டிருந்தாள்.

எழுந்து சொன்னேன். பதினொரு மணிக்கே ஆறு கையெழுத்தும் போட்டது, கேட்டபோது பொய் சொன்னது, ஒன்பது நிமிடம். யோகன் தலையைக் குனிந்துகொண்டார்.

தலைவர் என்னைத் தட்டிக்கொடுத்தார். “சரி அண்ணை, அதை விடுங்கோ. நீங்கள் நாலு பேருக்குத் தெரிஞ்ச மனிசன். வேணுமெண்டே செய்தனீங்கள்?” ஐம்பத்தொரு வயதுக்காரனின் பிழை தவறுதல், இருபத்து மூன்று வயதுக்காரனின் பிழை குற்றம். இது எங்கள் சபைகளின் எழுதாத சட்டம். நான் அதன் பயனாளி.

மிதுலாவின் தாய் தர்ஷினி அப்போதுதான் வாயைத் திறந்தார். “அண்ணை, அந்த ஃபோமை நானும் வாசிக்கேல்ல. சைன் வைச்சனான். அதால உங்களைப் பேச எனக்கு வாயில்லை. ஆனா என்ர பிள்ளை ஒன்பது நிமிசம் கூடக் குளிருக்க கிடந்தவள். அதை விடுங்கோ எண்டு ஒருத்தரும் சொல்லாதேங்கோ.”

கொத்துரொட்டிச் சத்தம்கூட நின்றதுபோல இருந்தது. (உண்மையில் நிற்கவில்லை. பத்திரிகைக்காரப் பழக்கம்.)

முடிவில் கிருஷானை அந்தப் பருவம் முழுவதும் நிறுத்தினார்கள். எனக்கு இனிப் பச்சைச் சட்டை கிடையாது என்றார்கள். அதைத் தண்டனையாகச் சொன்னார்களா, நன்றியுடன் சொன்னார்களா என்று தெரியவில்லை. அத்துடன் ஒரு புதிய பாதுகாப்புப் படிவமும் கொண்டுவந்தார்கள். ஐந்து பக்கம். அங்கேயே சுற்றுக்கு விட்டார்கள். மேசையைச் சுற்றி அது நான்கு நிமிடத்தில் போய் வந்தது, எல்லாக் கையெழுத்துகளுடனும். ஒருவரும் ஒரு வரி வாசிக்கவில்லை. என்னிடமும் தர்ஷினியிடமும் மட்டும் அது நீண்ட நேரம் நின்றது; “கெதியாய், அண்ணை, ரொட்டி ஆறுது” என்று குரல் வந்தது.

வெளியே வரும்போது மிதுலா ஊன்றுகோலுடன் வந்து மாவுக்கட்டுப் போட்ட காலை நீட்டினாள். ஊதாக் கட்டு, முழுக்க நண்பர்களின் கிறுக்கல். “அங்கிள், நீங்களும் சைன் பண்ணுங்கோ.”

என் கை பேனையைத் தேடிப் பைக்குள் போய்விட்டது. பழக்கம்.

“அப்பா” என்றாள் ஆரபி. “முதல் வாசியுங்கோ.”

உணவகத்தின் வாசலில் முழங்காலிட்டு அந்தக் காலை முழுவதும் வாசித்தேன். யாரோ பூனை வரைந்திருந்தார்கள். கிருஷான் இரண்டு வரி மன்னிப்பு எழுதியிருந்தார். குதிகாலுக்குப் பக்கத்தில் ஆரபியின் எழுத்தில், தமிழில்: ‘மொத்தம் எட்டு. எண்ணியது ஆரபி.’ அதன் கீழேதான் இடமிருந்தது. கையெழுத்துப் போட்டேன். திகதியும் நேரமும் எழுதினேன். புள்ளிகள் வைக்கவில்லை.

நான்கு வருடங்களாகின்றன. எங்கள் வீட்டில் சோற்றுக்கு உப்புப் போட்டாயிற்றா என்று கேட்டால், “ஓம், நாலு மணிக்கும் சேத்துப் போட்டாச்சு” என்று வதனி சொல்வாள். கலியாண வீடுகளில் வான் வண்டியில் ஆட்களை ஏற்றும்போது என்னை மட்டும் எண்ண விடுவதில்லை. எண்ணினாலும் இன்னொருவர் சரிபார்ப்பார். யோகன் தொலைபேசியில் வணக்கம் சொல்வதில்லை, “அண்ணை, எட்டும் இருக்கோ?” என்றுதான் தொடங்குவார்.

போன மாதம் ஆரபி ஒரு படிவத்துடன் வந்தாள். அதே கழகத்தில் உதவிப் பயிற்றுநராகச் சேரப் போகிறாள். தலைமைப் பயிற்றுநர் கிருஷான்தான், பாதுகாப்புப் பயிற்சிகள் எல்லாம் முடித்துத் திரும்பி வந்திருக்கிறார். பெற்றோரின் ஒப்புதல் வேண்டுமாம். ஏழு பக்கம். தாளை என் முன்னால் வைத்துவிட்டு எதிர்க் கதிரையில் தேநீருடன் அமர்ந்தாள். நான் வாசித்தேன். மூன்றாம் பக்கத்தை இரண்டு தடவை வாசித்தேன். ஒரு சந்தேகம் கேட்டேன், விளக்கினாள். ஓர் எழுத்துப்பிழை கண்டுபிடித்தேன்; பொறுத்துக்கொண்டாள். கடைசியில் பேனையைத் திறந்தேன். கீழே இரண்டு இடம் விட்டிருந்தார்கள்: ஒன்று இந்த வருடத்துக்கு, மற்றது அடுத்த வருடம் புதுப்பிப்பதற்கு.

முதலாவதில் போட்டேன். பேனை சும்மா இரண்டாவதின் பக்கம் நகர்ந்தது.

ஆரபி குவளையைத் தூக்கி அந்த இடத்தின் மேல் வைத்தாள்.